மழையை அளந்த வாரம்: நான்கு, ஐந்தாம் வகுப்புச் செய்முறைக் குறிப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பாடவேளை எல்லாம் மழையை அனுசரித்துத்தான் நடக்கும். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். இரண்டையும் நான் பார்க்கிறேன். மழை பிடித்தால் அத்தனை கண்ணும் சன்னல் பக்கம் போய்விடும். அந்தக் கண்களைக் கரும்பலகைக்கு இழுப்பதைவிட, பாடத்தையே சன்னலுக்கு வெளியே கொண்டுபோவது நல்லது என்று தோன்றியது. ஒரு மழைமானி செய்வது, அந்த வாரத்துக் கணக்கு, அறிவியல், தமிழ் மூன்றையும் அதிலேயே கோத்துவிடுவது என்று திட்டமிட்டேன்.

மழைமானி கடையில் விலைக்குக் கிடைக்கும். ஆனால் வாங்கி வைத்த கருவி காட்டும் எண்ணைப் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். தாங்களே செய்த கருவி என்றால்தான் அந்த எண் சரியா என்று சந்தேகப்படுவார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி அளப்பார்கள். எனக்கு வேண்டியது அந்தச் சண்டைதான்.

திங்கட்கிழமை கருவியைப் பற்றிப் பேசவே இல்லை. "இன்னிக்கு மழை வந்தா எவ்வளவு மழைன்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். "ஒரு வாளி மழை டீச்சர்" என்றான் ஒருவன். "யார் வீட்டு வாளி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தக் குரல்தான் எனக்கு வழி திறந்துவிட்டது. கையில் கிடைக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே வைத்துப் பார்க்கலாம் என்றேன். சத்துணவு அக்காவிடம் ஒரு சாம்பார் தேக்சா வாங்கினோம். என் மேசையில் பேனா போட்டுவைக்கும் உருளை டப்பா, ஒருத்தி கொண்டுவந்திருந்த எவர்சில்வர் சம்படம், கழிவறைப் பக்கத்து பிளாஸ்டிக் வாளி, குடிதண்ணீர்க் குடம் எல்லாம் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் போய் நின்றன.

மழை வருவதற்கு முன்பே ஊகத்தை எழுத வைத்தேன். எதில் தண்ணீர் உயரமாக நிற்கும்? பெரும்பாலானோர் தேக்சா என்று எழுதினார்கள். வாய் பெரியது, மழை நிறைய விழும் என்பது அவர்கள் வாதம். இரண்டு மூன்று பேர் பேனா டப்பா என்றார்கள். ஒடுக்கமாக இருப்பதால் சீக்கிரம் ஏறுமாம். வாதம் இரண்டுமே நன்றாகத்தான் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

மதிய உணவுக்குப் பிறகு நல்ல மழை. விட்டதும் ஓடினோம். ஈர்க்குச்சியை நேராக உள்ளே விட்டு எடுத்து, ஈரம் ஏறிய இடத்தை நகத்தால் பிடித்துக்கொண்டு அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். தேக்சாவில் 14 மி.மீ. பேனா டப்பாவில் 14. சம்படத்தில் 14. மூன்றாவது முறை அந்த எண் வந்தபோது வரிசையில் ஒரு சலசலப்பு. "டீச்சர், குச்சி தப்பு" என்று வேறு குச்சி எடுத்து வந்தார்கள். அதிலும் 14தான்.

வாளியில் 26 வந்தது. குடத்தில் அடி நனைந்த அளவுக்குத்தான் தண்ணீர். குச்சியில் 4 மி.மீ. வந்தால் அதிகம். ஆக, நேர்ச்சுவர் உள்ள பாத்திரம் மூன்றும் ஒரே எண்ணைச் சொல்கின்றன, வாளியும் குடமும் வேறு எண்ணைச் சொல்கின்றன. ஏன்? இந்தக் கேள்விக்கு அன்று மாலை முழுதும் விட்டுக்கொடுத்தேன். ஆங்கிலப் பாடவேளையையும் இது எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

கணித உபகரணப் பெட்டியில் 1 செ.மீ. கனசதுரக் கட்டைகள் உண்டு. கட்டத் தாளில் நான்கு கட்டம் கொண்ட சதுரம் ஒன்று, ஒன்பது கட்டம் கொண்ட சதுரம் ஒன்று வரைந்தோம். "ஒவ்வொரு கட்டத்து மேலயும் ஒரு துளி விழுது" என்று சொல்லி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கட்டை வைத்தார்கள். சின்னச் சதுரத்துக்கு நாலு கட்டை, பெரிய சதுரத்துக்கு ஒன்பது கட்டை. உயரம் இரண்டிலும் ஒரு கட்டைதான். அடுத்த சுற்று வைத்தால் இரண்டிலும் இரண்டு. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "பெரிய வாயில நெறைய விழுது டீச்சர், ஆனா பரவுறதுக்கும் எடம் நெறைய இருக்கு. அதனால உசரம் ஒண்ணுதான்" என்றாள். இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, அந்த வாரம் முழுதும் அழிக்காமல் வைத்திருந்தோம்.

வாளி ஏன் 26 காட்டியது என்பதையும் அவர்களே பிடித்துவிட்டார்கள். வாய் அகலம், அடி குறுகல். அகல வாயில் விழுந்தது குறுகலான அடியில் போய் நெருங்கி நிற்கிறது. குடம் நேர்மாறு. அப்படியானால் மழையை அளக்க எந்த அளவுப் பாத்திரமும் சரி, வாயும் அடியும் ஒரே அகலமாக இருந்தால் போதும். இந்த முடிவுக்கு வந்த பிறகுதான் "சரி, நமக்குன்னு ஒண்ணு செய்வோமா?" என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை செய்முறை. செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். 2 லிட்டர் குளிர்பான பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இடுப்பு வளைந்த பாட்டில் வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் உதவாது, உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக இருக்கும். தோள் வளைவு முடிந்து உடம்பு நேராகும் இடத்தில் சுற்றி ஒரு கோடு போட்டு அறுக்க வேண்டும். கோடு வளையாமல் இருக்க ஒரு தாள் பட்டையைப் பாட்டிலைச் சுற்றிப் பிடித்து, அதன் ஓரத்தை ஒட்டிப் போட்டால் போதும். கோடு போடுவது பிள்ளைகள், பிளேடு பிடிப்பது ஆசிரியர். அறுத்த ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் இரண்டு துண்டின் ஓரத்திலும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. கழுத்துத் துண்டை மூடியில்லாமல் தலைகீழாகக் கவிழ்த்து உடம்பில் பொருத்தினால் அதுவே புனல். விழுந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போவதை இந்தப் புனல் பெருமளவு தடுக்கும். சருகும் உள்ளே விழாது. புனலின் வாயும் உடம்பும் ஒரே பாட்டிலில் அறுத்தவை என்பதால் அகலம் ஒன்றே. உள்ளே நிற்கும் உயரத்தை அப்படியே மழை அளவாகப் படிக்கலாம்.

சிக்கல் அடிப்பாகத்தில்தான். குளிர்பான பாட்டிலின் அடி ஐந்து கால்களாகப் பிரிந்து மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே அளவுகோல் ஒட்ட முடியாது. கூழாங்கல் போட்டு, சமமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து சுழியத்தைத் தொடங்கும் முறை ஒன்று உண்டு. வெயில் அடித்தால் அந்தத் தண்ணீரும் குறையும், தினமும் சரிபார்க்க வேண்டும் என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. சுற்றுச்சுவர் வேலைக்கு வந்திருந்த கொத்தனாரிடம் ஒரு சட்டிக் கலவை கேட்டோம். ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துக் குழைத்துக் கொடுத்தார். கால் பள்ளங்கள் மூடி நேர்ச்சுவர் தொடங்கும் மட்டத்துக்கு அதைப் போட்டு, பாட்டிலைத் தரையில் மெல்லத் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார்கள். காற்றில் சாயாத கனமும் இதனால் கிடைத்துவிட்டது. காய்ந்த சிமெண்ட் முதல் மழையைக் குடித்துவிடும் என்பதால், கலவை இறுகியதும் மேலே மெழுகை உருக்கி மெல்லிய பூச்சாக ஊற்றினேன். மெழுகு கொதிக்கக் கூடாது, லேசான சூட்டில் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் பாட்டில் நெளிந்துவிடும்.

அளவுகோலுக்குத் தாள் வேண்டாம், நனைந்து உரிந்துவிடும். 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைக் கண்ணாடி டேப்பால் வெளிப்பக்கம் ஒட்டினோம். இங்கே ஒரு நல்ல தருணம் வந்தது. ஒருவன் ஸ்கேலின் முனையை மெழுகு மட்டத்தில் வைத்தான். பக்கத்தில் இருந்தவள் அவன் கையைத் தட்டிவிட்டு, "முனை சைபர் இல்லடா, கோடுதான் சைபர்" என்றாள். பிள்ளைகள் பென்சிலை அளக்கும்போது செய்கிற அதே பிழை. 0-க்கு முன்னால் இருக்கும் அந்த வெற்று ஓரத்தையும் சேர்த்து அளந்துவிடுவார்கள். நோட்டில் எத்தனையோ முறை நான் சுழித்த பிழையை அவள் ஒரு தட்டில் திருத்திவிட்டாள். அவர்களுக்குச் சொந்தமான கருவி என்பதால் வந்த அக்கறை அது.

ஒட்டிய ஸ்கேல் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குத்தான் ஐந்தாம் வகுப்புப் பரப்பளவுப் பாடம் கைகொடுத்தது. பாட்டிலின் வாயைச் சென்டிமீட்டர் கட்டத் தாளில் கவிழ்த்து வட்டம் வரைந்தார்கள். முழுக் கட்டம் எல்லாவற்றையும் எண்ணுவது, பாதிக்கு மேல் உள்ளதை ஒன்றாகக் கொள்வது, பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுவது என்பது ஒப்பந்தம். ஒரு குழுவுக்கு 90 வந்தது, இன்னொரு குழுவுக்கு 94. ஓரக் கட்டங்களில்தான் தகராறு. இருவர் எண்ணுக்கும் நடுவில் 92 என்று சமாதானமானார்கள். 92 சதுர செ.மீ. வாய் என்றால், 1 செ.மீ. உயரத்துக்கு 92 கனசதுரக் கட்டை அடுக்கலாம். ஒரு கட்டைக்கு ஒரு மில்லிலிட்டர். அப்படியானால் 92 மி.லி. தண்ணீர் ஊற்றினால் ஸ்கேலில் 1 செ.மீ. காட்ட வேண்டும்.

மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் வாங்கிய 10 மி.லி. சிரிஞ்ச் இருந்தது. ஒன்பது முறை முழுதாக, பிறகு 2 மி.லி. என்று ஊற்றினார்கள். எல்லோரும் தரையில் குப்புறப் படுத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். தண்ணீர் 1 செ.மீ. கோட்டில் வந்து நின்றது. இன்னொரு 92 ஊற்றினோம், 2 செ.மீ. பரப்பளவு என்பதும் கொள்ளளவு என்பதும் பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பக்கங்களில் வரும். இரண்டும் ஒன்றைத் தொட்டுக்கொள்வதை அன்றுதான் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். என் பணியில் நான் மிகவும் விரும்பும் நிமிடங்கள் இவைதான்.

எங்கே வைப்பது என்பதில் அடுத்த வாக்குவாதம். வேப்பமரத்தடி என்றது ஒரு கூட்டம்; ஆடுமாடு மிதிக்காது, விளையாடும் பந்தும் படாது. தாழ்வாரத்தின் ஓரம் என்றது இன்னொரு கூட்டம். மரத்தின் கீழே மழை முதலில் இலையில் தங்கும், பிறகு சொட்டும். தாழ்வாரத்தில் கூரைத் தண்ணீரும் சேர்ந்து விழும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி என்று சொன்னேன். தரையிலிருந்து தெறிக்கும் துளி உள்ளே போகாமலிருக்க வாய் 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மூன்று செங்கல்லை அடுக்கி, மேலே பாட்டிலை வைத்து, பக்கத்தில் நட்ட மூங்கில் கழியோடு சைக்கிள் டியூப் பட்டையால் கட்டினோம். சுற்றிலும் கருவை முள். ஆடுகளுக்கு அது போதும்.

கருவியை வைத்த அன்றே, வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்றுவிட்டார். "என்ன டீச்சரம்மா, பாட்டிலுக்கு வேலி போட்டு வச்சிருக்கீங்க?" என்றார். பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கெல்லாம் உழவு மழைதான் கணக்கு. ஏர் பூட்டுற அளவுக்கு மண்ணு நனைஞ்சா ஒரு உழவு மழை" என்றார். உடனே ஒருவன், "அது எத்தனை மி.மீ. தாத்தா?" என்று கேட்டான். "அத நீங்க அளந்து சொல்லுங்கடா" என்று சிரித்துவிட்டுப் போனார். இப்போது மண்ணெல்லாம் ஊறிக் கிடக்கிறது, இப்போது பார்த்துப் பயனில்லை. ஏப்ரலில் கோடை மழை ஒன்று கிடைத்தால், காய்ந்த நிலத்தில் மண்வெட்டி போட்டுப் பார்த்து இந்தக் கணக்கைத் தீர்ப்பது என்று குறித்து வைத்திருக்கிறோம்.

படிக்கும் நேரம் காலை 8.30. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து பிள்ளைகள் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார்கள். அதனால் இந்த நேரம் எங்களுக்கு வசதி. புதன்கிழமை பொங்கல் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, இரண்டு பேர் போய்ப் படித்தார்கள். 6 மி.மீ. செவ்வாய் மதியத்திலிருந்து மட்டும் அளந்தது என்பதால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள்.

வியாழக்கிழமை மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவி குடையோடும் தாத்தாவோடும் வந்து படித்து, அப்பாவின் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு படம் அல்ல, இரண்டு. நின்றபடி மேலிருந்து எடுத்ததில் 52 போலத் தெரிந்தது. குனிந்து நேராக எடுத்ததில் 49. வெள்ளிக்கிழமை வகுப்பு இந்த இரண்டு படத்தோடுதான் தொடங்கியது. எது சரி? செவ்வாய்க்கிழமை ஏன் எல்லோரும் குப்புறப் படுத்தோம் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 49 என்று முடிவானது.

பிறகு நாளிதழ். மழை அளவுப் பட்டியல் வரும் பகுதியைத் தமிழ்ப் பாடவேளையில் படிக்க வைத்தேன். "காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்" என்ற வரி வந்ததும் படித்துக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டு, "நம்ம நேரம் டீச்சர்!" என்றான். பக்கத்து ஊருக்கு 5 செ.மீ. என்று போட்டிருந்தது. எங்களுடையது 49 மி.மீ.; செ.மீ. ஆக்கினால் 4.9, முழுமையாக்கினால் 5. தசம எண்ணும் முழுமைப்படுத்துதலும் இப்படி ஒரு பத்திரிகை வரியில் வந்து உட்காரும்போது, கரும்பலகையில் பத்துக் கணக்கு போடுவதன் வேலை தானாக நடந்துவிடுகிறது. பட்டியலில் இன்னோர் ஊருக்கு 2 செ.மீ.தான். அங்கே போகும் பேருந்து எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. அவ்வளவு பக்கத்தில் மழை ஏன் பாதிக்கும் கீழே குறைந்தது என்று கேட்டார்கள். ஒவ்வோர் ஊரிலும் மழைமானி ஏன் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வானிலைத் துறையின் வகைப்பாட்டை எழுதிப்போட்டதும் ஒரு கொந்தளிப்பு. 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. "லீவு விட்ட மழை மிதமான மழையா?" என்று பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. விடுமுறை என்பது வரப்போகும் மழையின் எச்சரிக்கையைப் பார்த்தும், ஏற்கெனவே தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்தும் விடுவது என்று சொன்னேன். முழுத் திருப்தி இல்லை. அப்படியானால் உண்மையான அதி கனமழை எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. சுவரில் 95 செ.மீ. அளந்து சாக்கட்டியால் கோடு போடச் சொன்னேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தக் கோட்டை ஒட்டிப் போய் நின்றான். கோடு அவன் மார்புக்கு வந்தது. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "அந்த ஊர்ப் பிள்ளைங்க எங்க போச்சுங்க டீச்சர்?" என்று கேட்டாள். முகாம்கள் பற்றியும் படகில் மீட்டது பற்றியும் தெரிந்ததைச் சொன்னேன். கணக்கில் தொடங்கிய பாடம் இப்படித் திரும்புவதை நான் தடுப்பதில்லை.

வரைபடத்துக்கு ஒரு எளிய வழி கிடைத்தது. மழையின் அளவு என்பதே உயரம்தான். ஆகவே நீலச் சார்ட் தாளைப் பட்டையாக நறுக்கி, அன்றைய மழை எத்தனை மி.மீ. உயரமோ அதே உயரத்துக்கு வெட்டி ஒட்டினோம். அளவுத்திட்டம் தேவையில்லை, மழை அதன் உண்மை அளவிலேயே சுவரில் நிற்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று வெவ்வேறு கற்றல் நிலையில் இருப்பார்கள். மி.மீ. கோட்டை எண்ணிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகூடப் பட்டையை மழைமானியின் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டு வெட்டிவிடுகிறது. கீழ் வகுப்புக் குழந்தைகளும் வந்து எது பெரிய மழை, எது சின்ன மழை என்று தொட்டுச் சொன்னார்கள். சராசரி எடுக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். நான்கைந்து நாள் மழைக்குச் சராசரி கண்டால் அந்த எண் எதையும் சொல்லாது, மாதம் முடியட்டும்.

எனக்குப் பிடித்த கணக்கு பேனர் கணக்கு. பழைய பேனர் துணியை ஒரு மீட்டர் சதுரமாக மடித்து, ஓரத்தைச் செங்கல்லால் தூக்கிக் கட்டி, சமமான தரையில் விரித்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பரப்பினால் துணி நனைந்த அளவுக்குத்தான் இருக்கும். உயரம் ஒரு மில்லிமீட்டர். பத்து லிட்டர் ஊற்றினால் ஒரு செ.மீ. ஆக, ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரி தெரிந்துவிட்டால் எல்லாக் கூரையையும் அளக்கலாம். எங்கள் வகுப்பறைத் தளம் எட்டுக்கு ஆறு மீட்டர், 48 சதுர மீட்டர். வியாழக்கிழமை மழை 49 மி.மீ. பெருக்கினால் 2,352 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 157 குடம். "நம்ம தலைக்கு மேலயா?" என்று தளத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நிலத்துக்கும் போட்டோம். இங்கே யாரும் சதுர மீட்டரில் பேசுவதில்லை, மாக் கணக்குத்தான். நூறு குழி ஒரு மா. ஏறக்குறைய 1,338 சதுர மீட்டர். ஒரு மா நடவு வயலில் அந்த ஒரு நாளில் விழுந்தது 65,000 லிட்டருக்கும் மேல். அப்பா ஏன் ராத்திரி மண்வெட்டியோடு போனார் என்பதற்கு ஒரு வீட்டில் அன்று எண்ணில் பதில் கிடைத்திருக்கும்.

அதைப் பற்றி ஒருவன் எழுதியும் இருந்தான். மழைக் குறிப்பேட்டில் நாள், நேரம், மி.மீ., படித்தவர் பெயர் தவிர, 'குறிப்பு' என்று ஒரு அகலமான பத்தியும் விட்டிருந்தேன். இரண்டு வரி எழுதச் சொன்னால் பென்சில் சீவப் போய்விடும் பையன் அவன். வெள்ளிக்கிழமை அந்தப் பத்தியில் எழுதியிருந்தது: "எங்க வயல்ல தண்ணி முட்டிக்கி நின்னுச்சி. அப்பா மடைய வெட்டி உட்டாங்க. நானும் லைட்டு புடிச்சேன்." அந்தக் குறிப்பேட்டில் சிவப்பு மை தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். எழுத்துப் பிழை வேறு நோட்டில் வேறு நாளில் திருந்தட்டும். எழுத ஒரு செய்தி இருக்கிறது என்ற எண்ணம் முதலில் வர வேண்டும், அவனுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக் கணக்கு 23 மி.மீ. சனி, ஞாயிறுக்கு எதிர்வீட்டு மாணவியிடமே பொறுப்பு. சனி சுழியம், ஞாயிறு 8. சுழியத்தையும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். கட்டாயம் எழுத வேண்டும், காலியாக விட்டால் மழை இல்லையா, படிக்க ஆள் இல்லையா என்று பிறகு தெரியாது என்றேன். பட்டைகளை முனைக்கு முனை ஒட்டினால் 86 மி.மீ. வர வேண்டும். ஸ்கேலில் 87 வந்தது. வெட்டும்போது எந்தப் பட்டை தடித்தது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டிலில் புனலின் அடி வரை 12 செ.மீ.தான் படிக்க முடியும். அதற்கு மேல் பெய்யும் என்று எச்சரிக்கை வந்தால் மாலையில் ஒரு முறை படித்துவிட்டு, ஊற்றிவிட்டு, காலையில் கூட்டிக்கொள்ள வேண்டும். புனல் துளையில் வேப்பம் சருகு அடைக்கிறது, தினமும் பார்க்க ஆள் போட்டாயிற்று. வெயில் காலத்தில் பிளாஸ்டிக் மங்கி நொறுங்கும். அதற்குள் இன்னொன்று செய்து வைக்க வேண்டும்.

வேப்பமரத்தடிதான் நல்ல இடம் என்று சொன்ன கூட்டம் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது பாட்டில் வந்துவிட்டது. வரும் வாரம் அது மரத்தின் கீழே நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் படித்து, எழுதிக் கொடுத்த ஊகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம்.